தாய்லாந்து டென்னிஸ் வீராங்கனைக்கு 18 வயதில் மூன்று பாதைகள்: சொந்த ஊர், ஐரோப்பிய அகாடமி, அமெரிக்கக் கல்லூரி

2025 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் அலெக்ஸாண்ட்ரா ஈயாலா மயாமி ஓப்பனில் ஒஸ்டபென்கோ, மேடிசன் கீஸ், ஸ்வியாடெக் மூவரையும் சாய்த்து அரையிறுதிக்குப் போனார். அவர் 13 வயதிலிருந்து ஸ்பெயினில் உள்ள ரஃபா நடால் அகாடமியில் வளர்ந்தவர். அதே ஆண்டு இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் யுஎஸ் ஓப்பன் தகுதிச் சுற்றிலிருந்து வந்து முதல் சுற்றில் வெரோனிகா குடெர்மெடோவாவை வென்றார். நவம்பரில் சென்னை ஓப்பன் பட்டமும் அவருக்கே. அவர் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் நான்கு ஆண்டு ஆடியவர். தாய்லாந்தின் மனஞ்சயா சவாங்கேவ் (பிறப்பு 2002), லன்லனா தராருதி (பிறப்பு 2004) இருவரும் அதே ஆண்டு உலகத் தரவரிசையில் முதல் 200-க்குள் இருந்தபடி முதல் 100-ஐக் குறிவைத்து ஆடினார்கள். இவர்கள் ஏறியது ஆசியாவின் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) போட்டிகள் வழியாக.

அடுத்து வரும் தாய்லாந்துப் பெண் இந்த மூன்றில் எதைப் பின்பற்றலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஈயாலாவைக் காட்டி அகாடமி என்கிறார்கள். 18 வயதில் முடிவெடுப்பவருக்கு அது மூன்றிலும் பொருத்தம் குறைந்த வழி என்பதே இந்தக் கட்டுரையின் கணிப்பு. காரணங்களுக்கு முன் அளவுகோல்கள்.

## எதை வைத்து அளப்பது

புள்ளிக் கணக்கு. மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம், இதைத்தான் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. பெண்கள் ஐடிஎஃப் போட்டிகள் டபிள்யூ15, 35, 50, 75, 100 என ஐந்து படிகள். பெயரில் உள்ள எண்தான் ஒற்றையர் பட்டம் வென்றவருக்குக் கிடைக்கும் புள்ளி. பெண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏவின் தரவரிசைக்கு 52 வாரங்களில் சிறந்த 18 போட்டிகள் கணக்கில் வரும். ஒருவர் 18 டபிள்யூ15 போட்டிகளில் ஆடி பதினெட்டையும் வென்றாலும் 18 × 15 = 270 புள்ளிதான். கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்றில் இடம் பிடிக்க ஏறக்குறைய 220-ஆவது இடம் வேண்டும், அதற்கு 300-ஐ ஒட்டிய புள்ளிகள் தேவை. பதினெட்டு டபிள்யூ35 பட்டங்கள் வென்றாலும் 630. முதல் 100-க்குச் சுமார் 700-க்கு மேல் வேண்டும். நடக்கவே முடியாத இந்தச் சாதனையைச் செய்தாலும் முதல் 100-இன் கதவு திறக்காது. ஆகவே ஒரு பாதையைப் பார்க்கும்போது முதல் கேள்வி: டபிள்யூ75, டபிள்யூ100, அவற்றுக்கு மேற்படியான டபிள்யூடிஏ 125 போட்டிகளுக்கு அது எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்?

பணம் யாருடையது. டபிள்யூ15-இல் பட்டம் வென்றால் ஒற்றையரில் 2,000 டாலரைச் சற்றுத் தாண்டும், முதல் சுற்றில் தோற்றால் 150 டாலர் அளவில். அதே ஆள் 2025 விம்பிள்டன் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றிருந்தாலும் 15,500 பவுண்டு. பிரதான சுற்றில் முதல் ஆட்டம் தோற்றால் 66,000 பவுண்டு. தரவரிசையில் 600-க்கும் 220-க்கும் நடுவில்தான் பள்ளம். அந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பணம் போடப்போவது யார்?

ஆட்டங்களின் தரம். தன்னைவிடச் சற்று மேலே இருப்பவர்களுடன் ஆண்டுக்கு 50 முதல் 70 ஒற்றையர் ஆட்டங்கள். அதே எட்டுப் பேரைத் திரும்பத் திரும்பச் சந்திப்பது இந்தக் கணக்கில் சேராது.

தளம். தாய்லாந்தில் கிட்டத்தட்ட எல்லாமே ஹார்டு கோர்ட். ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் களிமண்ணில் ஆடும்.

முழங்கால் போனால்? 20 வயதில் ஓராண்டு ஆட முடியாமல் போனால் கையில் என்ன மிஞ்சும்.

## பாதை 1: நோந்தபுரியில் இருந்துகொண்டே

பாங்காக்கை ஒட்டிய முவாங் தோங் தானியில் தாய்லாந்து டென்னிஸ் சங்கத்தின் தேசிய மையம் இருக்கிறது. நோந்தபுரி என்ற பெயரில் ஐடிஎஃப் போட்டிகள் அங்கேதான் நடக்கின்றன. உள்ளூர்ப் பெண்ணுக்கு விமானச் செலவு இல்லை, வைல்டு கார்டு (தரவரிசை பாராமல் அமைப்பாளர் தரும் இடம்) வாய்ப்பு உண்டு, பயிற்சியாளர் மாற வேண்டாம், வீட்டுச் சாப்பாடு.

இந்தப் பாதையின் மூத்த சாட்சி தமரின் தனசுகர்ன். நீண்ட காலம் தந்தையிடமே பயிற்சி பெற்றவர். 1995-இல் விம்பிள்டன் ஜூனியர் இறுதியாட்டம், 2002-இல் உலகின் 19-ஆவது இடம், 2003-இல் ஹைதராபாத்தில் முதல் டபிள்யூடிஏ பட்டம், 2008-இல் விம்பிள்டன் காலிறுதி. அவருக்குப் பிறகு சந்தபுரியைச் சேர்ந்த லக்சிகா கும்கும். முன்கை, பின்கை இரண்டையும் இரண்டு கைகளால் அடிப்பவர், 2014 ஆஸ்திரேலியன் ஓப்பன் முதல் சுற்றில் பெட்ரா க்விட்டோவாவை வெளியேற்றினார், 2018-இல் 66-ஆவது இடம் வரை போனார்.

எதிர்ச் சாட்சியும் உண்டு. நோப்பவன் லெர்ட்சீவகர்ன் 2009-இல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். பெரியவர்கள் தரவரிசையில் முதல் 100-க்குள் அவர் நுழையவே இல்லை. ஜூனியர் கோப்பையை வைத்து 18 வயதுப் பெண்ணின் பாதையை முடிவு செய்பவர்கள் இந்தப் பெயரை மறந்துவிடக் கூடாது.

செலவை ஒரு வாரத்துக்குப் பார்ப்போம். ஆசியாவுக்குள் ஒரு போட்டி: விமானம் 300 முதல் 500 டாலர், ஏழு இரவு அறை 350, சாப்பாடு 150, நுழைவுக் கட்டணம் 40, நரம்பு மாற்ற 60 முதல் 100. தனியாகப் போனால் சுமார் 1,000. பயிற்சியாளரும் வந்தால் அவர் சம்பளம், டிக்கெட், அறை சேர்த்து 2,300-ஐத் தொடும். ஆண்டுக்கு 28 வாரம் என்றால் தனியாக 28,000, துணையோடு 64,000 டாலர். டபிள்யூ35 அளவில் ஆடுபவருக்குப் பரிசுப் பணம் இதில் பாதியைக்கூட ஈடுகட்டாது.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் சில. முதலாவது, வீட்டருகே கிடைக்கும் புள்ளியின் மயக்கம். இரண்டு டபிள்யூ15 பட்டம், மூன்று அரையிறுதி என்று தரவரிசை 500-க்கு வந்துவிடும். அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அந்தப் புள்ளிகள் உதிரும். உதிர்வதை ஈடுகட்ட மறுபடி அதே டபிள்யூ15-க்கே போவார்கள். இப்படி மூன்று ஆண்டு ஓடிவிடும். இதற்கு மருந்து ஒரு கறாரான விதி: இரண்டு டபிள்யூ15 இறுதியாட்டம் ஆகிவிட்டால் அந்தப் படிக்குத் திரும்பக் கூடாது. டபிள்யூ35, டபிள்யூ50 தகுதிச் சுற்றில் ஐந்து வாரம் தொடர்ந்து தோற்றாலும் சரி.

இரண்டாவது, கொடிக்காக ஆடும் வாரங்கள். தென்கிழக்கு ஆசிய விளையாட்டு, ஆசிய விளையாட்டு, பெண்கள் தேசிய அணிகளுக்கான பில்லி ஜீன் கிங் கோப்பை எதிலும் டபிள்யூடிஏ புள்ளி கிடையாது. 2025 டிசம்பரில் சொந்த நாட்டில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் மனஞ்சயா இறுதியாட்டம் வரை போய் ஈயாலாவிடம் தோற்றார். வெள்ளிப் பதக்கத்தின் மதிப்பு வேறு. ஆனால் டிசம்பர் என்பது ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முன் உடலைத் தயார் செய்யும் மாதம். சங்கத்தின் உதவியில் இருப்பவர் அந்த அழைப்பைத் தட்ட முடியாது. ஒலிம்பிக் தகுதிக்குக் கிங் கோப்பைப் பங்கேற்பு வேண்டும் என்பதால் தட்டவும் கூடாது. காலண்டரில் அந்த வாரங்களை ஜனவரியிலேயே குறித்துவிட்டு மிச்சத்தைத் திட்டமிடுவதுதான் வழி.

மூன்றாவது, பாஸ்போர்ட். தாய்லாந்துக் கடவுச்சீட்டுக்கு ஜப்பான் 15 நாள் விசா இல்லாமல் திறக்கிறது, சீனா 2024 மார்ச் முதல் 30 நாள். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் விசா தேவை. மே மாதத்தில் பிரிட்டன் விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் இரண்டு மூன்று வாரம் திரும்பி வராமல் கிடக்க, அந்த வாரங்களின் போட்டிகள் எல்லாம் போகும். பிப்ரவரியிலேயே இரண்டாண்டு விசாவுக்கு விண்ணப்பிப்பது கட்டணம் கூடுதலானாலும் மலிவு. ஐடிஎஃப் பதிவு முடிவது போட்டி வாரத்துத் திங்களுக்கு 18 நாள் முந்தைய வியாழன். அபராதமில்லாமல் விலகலாம் என்பது 13 நாள் முந்தைய செவ்வாய் வரைதான். விசா கையில் இல்லாமல் பதிவு செய்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த ஐந்து நாள் இடைவெளியில்.

இந்தப் பாதை யாருக்கு: 18 வயதிலேயே முதல் 350-க்குள் இருப்பவருக்கு. அல்லது ஆண்டு இறுதி ஜூனியர் தரவரிசையில் முதல் 20-க்குள் வந்து, பெரிய ஐடிஎஃப் போட்டிகளில் ஜூனியர்களுக்கென ஒதுக்கிய இடங்களைப் பயன்படுத்தக்கூடியவருக்கு. இவர்கள் நோந்தபுரியைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, ஜப்பான், சீனா, இந்தியா, ஆஸ்திரேலியாவின் டபிள்யூ50 முதல் டபிள்யூ100 வரை ஆடலாம். பெங்களூரு டபிள்யூ100, மும்பை டபிள்யூடிஏ 125, சென்னை டபிள்யூடிஏ 250 எல்லாம் பாங்காக்கிலிருந்து நான்கு மணி நேரப் பறப்புக்கு முன்பின்.

## பாதை 2: ஐரோப்பிய அகாடமி

ஈயாலாவின் கதையில் தேதிகளை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். 2018-இல் 14 வயதுக்குட்பட்டோருக்கான லே பெத்தி சாஸ் பட்டம். அதே ஆண்டு நடால் அகாடமி இருக்கும் மயோர்க்கா. 2022-இல் யுஎஸ் ஓப்பன் ஜூனியர் பட்டம். 2023-இல் அகாடமிப் படிப்பு முடிந்தது. முதல் 100 வந்தது 2025-இல். ஏழு ஆண்டுகள், அதுவும் 12, 13 வயதிலேயே உலக அளவில் தெரிந்துவிட்ட திறமைக்கு.

18 வயதில் அங்கே போகும் தாய்லாந்துப் பெண் வாங்குவது அந்த ஏழு ஆண்டுகளை அல்ல. அவர் வாங்குவது களிமண் தளம், தினமும் மாறி மாறிக் கிடைக்கும் பயிற்சி ஆட்டத் துணைகள், நான்கு மணி நேர ரயிலிலோ காரிலோ போய்விடக்கூடிய போட்டிகள். இவை மூன்றும் மதிப்புள்ளவைதான். ஆனால் தங்கும் வசதியோடு முழு ஆண்டுத் திட்டத்துக்குப் பெரிய அகாடமிகள் 50,000 முதல் 70,000 யூரோ வரை கேட்கின்றன, போட்டிப் பயணம் அதில் அடங்காது. போட்டிக்குக் கூட வரும் பயிற்சியாளருக்குத் தனிக் கட்டணம். அவர் ஒரே வாரத்தில் மூன்று நான்கு பெண்களைக் கவனிப்பார் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உதவித்தொகை கொடுத்தால், எதிர்கால வருமானத்தில் எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுக்கு, காயத்தில் உட்கார்ந்தால் அந்த ஆண்டுகள் நீளுமா என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் தேட வேண்டும்.

தங்குவதற்கான விசா இன்னொரு சுவர். சாதாரண ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான். முழு ஆண்டு இருக்க மாணவர் விசா வேண்டும், அதற்குப் பள்ளி அல்லது படிப்புச் சேர்க்கை வேண்டும். 18 வயதில் பள்ளி முடிந்தவருக்கு இது கூடுதல் தலைவலி.

நடைமுறையில் நல்ல பலன் தருவது பாதி அகாடமி. ஏப்ரல் நடுவில் போய் ஜூலை தொடக்கத்தில் திரும்புவது: 11 அல்லது 12 வாரம், 90 நாளுக்குள் அடங்கும். ஸ்பெயினிலோ இத்தாலியிலோ ஒரு சிறிய கிளப்பில் வாரக் கட்டணத்தில் தளம், துணை ஆட்டக்காரர். முதல் இரண்டு வாரம் போட்டியே வேண்டாம். ஹார்டு கோர்ட்டில் வளர்ந்த கால் களிமண்ணில் சறுக்கி நிற்கப் பழகும் முன் ஆடினால் இடுப்பு மூட்டுத் தசையும் கணுக்காலும்தான் முதலில் பேசும். பிறகு மூன்று வாரம் போட்டி, ஒரு வாரம் ஓய்வு.

முழு அகாடமி யாருக்கு: 13, 14 வயதில் உதவித்தொகையோடு அழைப்பு வந்தவருக்கு. குடும்பச் சேமிப்பைக் கரைத்து 18-இல் போவதற்கு இந்தக் கட்டுரை ஆதரவு தராது.

## பாதை 3: அமெரிக்கக் கல்லூரி

‘கல்லூரிக்குப் போனால் தொழில்முறை ஆட்டம் முடிந்தது’ என்ற எண்ணம் ஆசியப் பெற்றோரிடம் இன்னும் இருக்கிறது. டேனியல் காலின்ஸ் புளோரிடாவில் ஓராண்டும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டும் முடித்து, பிறகு 2022 ஆஸ்திரேலியன் ஓப்பன் இறுதியாட்டம் ஆடினார். எம்மா நவாரோ வர்ஜீனியாவில் இரண்டாண்டு, 2024-இல் முதல் 10. டயானா ஷ்னைடர் வட கரோலினா ஸ்டேட்டில் ஒரே பருவம் ஆடிவிட்டு வெளியேறினார். அவருடைய முதல் டபிள்யூடிஏ பட்டம் வந்த இடம் தாய்லாந்தின் ஹுவா ஹின், 2024 பிப்ரவரி. ஜானிஸ் ஜென் ஓரிகனில் ஓராண்டு, பெப்பர்டைனில் மூன்றாண்டு, பிறகு ஒரே ஆண்டில் 400-க்கு வெளியிலிருந்து முதல் 100. தாய்லாந்துக்கு நெருக்கமான உதாரணம் இவர்தான்: அதே வட்டாரம், அதே வகைப் பாஸ்போர்ட் சிக்கல், பெரிய ஸ்பான்சர் இல்லாத டென்னிஸ் நாடு.

கிடைப்பது: கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் உள்ள பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகை என்றால் கல்விக் கட்டணம், அறை, உணவு, பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், பிசியோ, ராக்கெட் நரம்பு, பயணம். தனியார் பல்கலைக்கழகத்தில் இதன் மதிப்பு ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். பாதை 1-இல் கையிலிருந்து போன 64,000 டாலரை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் கூர்ந்து படிக்க வேண்டிய விதிகள் பல.

பருவம் நீண்டது. அணிகளுக்கிடையிலான ஆட்டங்கள் ஜனவரியிலிருந்து மே வரை. ஒவ்வொன்றிலும் ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர். இந்த ஐந்து மாதமும் ஐடிஎஃப் புள்ளி சேராது, பழையவை உதிரும். புள்ளி சேர்க்க ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் இலையுதிர் பருவமும்தான். அணியின் ஒற்றையர் வரிசையில் மூன்றாம் நான்காம் எண்ணில் ஆடினால் எதிராளியின் தரமும் குறையும். ஆகவே பெரிய பெயருள்ள அணியில் ஐந்தாம் இடத்தைவிட நடுத்தர அணியில் முதல் இடம் மேல். முதல் எண் ஆட்டக்காரர்கள்தான் கல்லூரித் தரவரிசையில் ஏறுவார்கள், உச்சியில் இருப்பவர்களுக்கு ஐடிஎஃப் போட்டிகளில் ஒதுக்கீட்டு இடமும் உண்டு.

ஆட்ட முறையும் வேறு. 40-40 வந்தால் அடுத்த புள்ளியே முடிவு. சர்வீஸைத் தைரியமாக அடிக்க இது கற்றுக்கொடுக்கும், ஆனால் நீண்ட டியூஸ் கேம்களில் பொறுமை பழகாது. பருவத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி வைக்க விதி அனுமதிக்காது. மிச்சத்தை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காலக் கெடு. பள்ளி முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் போட்டிகளில் ஆடிவிட்டுச் சேர்ந்தால் ஒரு பருவத் தகுதி போகும் என்பது டென்னிஸுக்கான விதியாக இருந்துவந்தது. தாய்லாந்தில் பள்ளியின் கடைசி ஆண்டான மத்தயோம் 6 முடிவது மார்ச்சில். ஆகஸ்ட் சேர்க்கை என்றால் சரியாகப் பொருந்தும். ‘இன்னும் கொஞ்சம் ஆடிப் பார்த்துவிட்டு ஜனவரியில் போகிறேன்’ என்றால் மாட்டிக்கொள்வார். சேர்வதற்கு முன் பரிசுப் பணத்தில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் அந்தந்தப் போட்டியின் செலவு அளவுக்குத்தான் என்பதும் வழக்கமான வரம்பாக இருந்துவந்தது. பரிசுப் பண விதிகளை எதிர்த்து 2024-இல் வழக்கு தொடுக்கப்பட்ட பிறகு இந்தப் பகுதி அசைந்துகொண்டிருக்கிறது. பயிற்சியாளர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், சேரும் ஆண்டின் விதியைப் பல்கலைக்கழக விதிமுறைப் பிரிவிடம் எழுத்தில் வாங்க வேண்டும். 15 வயதிலிருந்தே விமானச் சீட்டு, ஓட்டல் பில், நரம்பு ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வைத்தவர்தான் இங்கே தப்பிக்கிறார்.

பணத்தில் மறைந்த இரண்டு: உதவித்தொகையில் அறைக்கும் உணவுக்கும் உரிய பகுதிக்கு வெளிநாட்டு மாணவரிடம் பொதுவாக 14 சதவீத வரி பிடிப்பார்கள்; தாய்லாந்து மாணவர் வரி ஒப்பந்தப்படி விலக்குக் கோரலாம். அமெரிக்க மாணவர்கள் விளம்பரத்தில் சம்பாதிப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் அதைச் செய்தால் விசாவுக்கே ஆபத்து.

யாருக்கு: 18-இல் தரவரிசை 400-க்கு வெளியே, ஸ்பான்சர் இல்லை, சர்வீஸும் உடல் வலுவும் இன்னும் தேற வேண்டும், ஆங்கிலத்தில் படித்துத் தேறுவார். தாய்லாந்தில் இந்த விவரிப்புக்குள் வராத 18 வயதுப் பெண்கள் மிகக் குறைவு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சொந்த ஊர் | முழு அகாடமி | கல்லூரி |
|---|---|---|---|
| ஆண்டுச் செலவு (கையிலிருந்து) | 28,000–64,000 டாலர் | கட்டணம் மட்டுமே 50,000–70,000 யூரோ | முழு உதவித்தொகை என்றால் கோடைப் பயணம், வரி இருந்தால் அதுவும் |
| பெரிய போட்டிகளுக்கு வேகம் | ஏற்கெனவே 350-க்குள் இருந்தால் வேகம் | நடுத்தரம் | மெதுவாகத் தொடங்கி முடிவில் வேகம் |
| ஆட்டத் தரம் | அதே முகங்கள் திரும்ப வரும் | நல்ல கலவை | முதல் எண்ணில் ஆடினால் நல்லது |
| களிமண் | இல்லை | உண்டு | மிகக் குறைவு |
| தேசிய அணி | எளிது | பயணம் அதிகம் | ஜனவரி–மே சிக்கல் |
| காயம் வந்தால் | குடும்பப் பணம் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | பட்டம், அணியின் மருத்துவ வசதி |

## முடிவை எப்போது எடுப்பது

மத்தயோம் 6-இன் அக்டோபர் விடுமுறைதான் சரியான நேரம். அன்று டபிள்யூடிஏ தரவரிசை 350-க்குள் என்றால் பாதை 1, கூடவே கோடையில் 11 வாரக் களிமண். 350 முதல் 500 என்றால் ஒரு கேள்வி: இரண்டு ஆண்டுக்கு 1,00,000 டாலர் யாராவது எழுத்தில் உறுதி தருகிறார்களா? தந்தால் ஆடலாம். இல்லையென்றால் கல்லூரி, ஷ்னைடர்போல ஓராண்டில் வெளியேறும் வாய்ப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு. 500-க்கு வெளியே என்றால் கேள்வியே இல்லை: ஆங்கிலத் தேர்வும் கல்லூரி விளையாட்டுத் தகுதிக்குக் கேட்கும் 16 அடிப்படைப் பாடங்களின் மதிப்பெண் சான்றும் அந்த அக்டோபரிலேயே தயாராக இருக்க வேண்டும். மே மாதத்தில், மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வந்த பிறகு பாங்காக்கில் அமெரிக்க விசா நேர்காணலுக்குத் தேதி தேடத் தொடங்குபவர்கள் ஆகஸ்ட் சேர்க்கையைத் தவறவிடுவது நடக்கும்.

கல்லூரிப் பாதையில் போனவருக்கு இன்னொரு சோதனைப் புள்ளி இரண்டாம் ஆண்டின் மே மாதத்துக்குப் பிறகு வரும் கோடை. அந்தக் கோடையில் டபிள்யூ35 இறுதியாட்டம் இரண்டும், டபிள்யூ75 காலிறுதி ஒன்றும் வந்திருந்தால் செப்டம்பரில் திரும்பிப் போக வேண்டியதில்லை. வராவிட்டால் போய் மூன்றாம் ஆண்டையும் ஆடட்டும்; ஜென் நான்காண்டும் முடித்துவிட்டுத்தான் ஏறினார்.